டான்ட்ரோலீன் ஊசி, தம்பிக்கு போட்ட அனுபவம்: 5க்கு 4 ஸ்டார்

மசில் ரிலாக்ஸன்ட்னு டாக்டர் சொன்னதும் முதுகு வலிக்கு எழுதுற மாத்திரைன்னு தான் நெனச்சேன், இது அந்த ரகமே இல்லைங்க.

தம்பிக்கு ஹாலோபெரிடால்னு மனநோய்க்கான மருந்து ஆரம்பிச்ச ரெண்டாவது நாளே கழுத்து ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு, ஃபெனர்கான் ஊசி ஒண்ணு போட்டாங்க, அரை மணி நேரத்துல விட்டுருச்சு. ஒரு வாரம் கழிச்சு உடம்பு வெறைச்சப்பவும் அதே தான்னு இருந்துட்டோம், அது எங்க தப்பு. பக்கத்துல ஒரு கிளினிக்ல வைரல் ஃபீவர்னு பாராசிட்டமால் குடுத்து அனுப்பிட்டாங்க, வேற என்ன மருந்து சாப்பிடுறான்னு ஒரு வார்த்தை கேக்கல. மறுநாள் 104 டிகிரி, சட்டைய பிழியலாம் அவ்ளோ வேர்வை, கைய மடக்கிப் பாத்தா இரும்புக் குழாய் மாதிரி, யூரின் கட்டங்காப்பி கலர்ல.

ஐசியூல சிகே (தசை செதைஞ்சா ரத்தத்துல ஏறுற ஒரு என்சைம்) பாத்தா 14,000, நார்மலா 200 கிட்ட தான் இருக்கணுமாம். தசை செதைஞ்சு ரத்தத்துல கலந்து கிட்னிய அடிக்குமாம். நியூரோலெப்டிக் மேலிக்னன்ட் சிண்ட்ரோம்னாங்க, அதாவது இந்த மாதிரி மனநோய் மருந்தால அபூர்வமா வர்ற ஆபத்தான பக்க விளைவு. ஹாலோபெரிடால நிறுத்தி, டிரிப்ஸ், ஐஸ் பேக், லோராசிபாம்ங்கிற அமைதிப்படுத்துற மருந்து எல்லாம் குடுத்தும் வெறைப்பு விடல, அப்பறம் தான் இந்த ஊசி.

கெடைக்கிறது தான் பெரும்பாடு. அங்க ஃபார்மஸில இல்ல, வெளிய மூணு கடைல பேரே தெரியல. கடைசில வேற ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டர்ல இருந்து கடனா வாங்குனாங்க, மயக்க மருந்து ஒத்துக்காம காய்ச்சல் ஏறுறவங்களுக்காக அங்க வெச்சிருப்பாங்களாம். ஒரு குப்பில 20 மில்லிகிராம் தான், அத கரைக்கவே 60 மில்லி தண்ணி வேணும். தம்பி 60 கிலோ, கிலோவுக்கு 1 மில்லிகிராம்னு மொதல்ல மூணு குப்பி. ஆரஞ்சு கலர் பொடி, லேசுல கரையாது, ரெண்டு சிஸ்டருங்க மாத்தி மாத்தி குலுக்கிட்டே இருந்தாங்க, தண்ணி தெளிஞ்சா தான் ஏத்துவாங்களாம், நான் கண்ணாடிக்கு வெளிய நின்னு அந்த குப்பியவே பாத்துட்டு இருந்தேன்.

தசைக்குள்ள கால்சியம் வெளிய வர்றத தடுக்குமாம், அதனால தசையும் இளகுது, சூடும் எறங்குது. விடிகாலைல முழங்கை மடங்குச்சு.

ஒரு ஸ்டார் கொறைச்சது ஏன்னா, அதுக்கப்பறம் நாலு நாள் ஸ்பூன் கூட பிடிக்க முடியாம துவண்டு கெடந்தான், லிவர் டெஸ்ட் வேற எடுத்துட்டே இருந்தாங்க. எல்லாருக்கும் இந்த ஊசி தேவைப்படாது, காரணமான மருந்த சீக்கிரம் நிறுத்துறது தான் முக்கியம்னு டாக்டரே சொன்னார். இப்ப ரெண்டு வாரம் கேப் விட்டு வேற மருந்து, கம்மி டோஸ்ல. ஹாலோபெரிடால் கூடாதுன்னு எழுதுன சீட்டு அவன் பர்ஸ்லயும் இருக்கு, என் பர்ஸ்லயும் இருக்கு.