ஹைகாஸை நீக்கித் தருகிறோம் என்பவர்களிடம் காரை ஒப்படைக்கும் முன்

பின்சக்கர ஸ்டீயரிங்கை முடக்கி ஹேண்ட்லிங்கைச் சீராக்கித் தருகிறோம் என்று சொன்ன ஒரு பணிமனையில் என் நிசான் ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரை ஒப்படைத்திருந்தேன். முழுக் கூலியையும் வாங்கிக்கொண்டு அவர்கள் திருப்பித் தந்த கார், வேலைக்கு முன்பு இருந்ததைவிட ஆபத்தானதாக இருந்தது. இந்த வேலையைச் செய்ய நினைக்கும் மற்றவர்களுக்கும் இதே நிலை வரக்கூடாது என்பதால், நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

நிசான் நிறுவனம் 1985-இல் ஆர்31 ஸ்கைலைனில் ஹைகாஸ் என்ற பெயரில் இந்தப் பின்சக்கர ஸ்டீயரிங் அமைப்பை அறிமுகப்படுத்தியது. 1989-இல் வந்த ஆர்32-இல் அது சூப்பர் ஹைகாஸ் ஆயிற்று. ஸ்டீயரிங் திரும்பும் அளவையும் காரின் வேகத்தையும் பார்த்து, ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி ஹைட்ராலிக் அழுத்தத்தால் பின்சக்கரங்களை ஏறத்தாழ ஒரு டிகிரி வரை திருப்புகிறது. வளைவில் நுழையும்போது ஒரு கணம் முன்சக்கரங்களுக்கு எதிர்த்திசையிலும், பிறகு அவை திரும்பும் திசையிலும் பின்சக்கரங்கள் திரும்புவதால், கார் விரைவாக வளைந்து உடனே நிலைகொள்ள வேண்டும் என்பது வடிவமைப்பின் நோக்கம். ஆனால் ஆக்சிலரேட்டரைக் கூட்டிக் குறைத்தே காரின் பின்பகுதியைக் கட்டுப்படுத்திப் பழகியவர்களுக்கு, தாம் கேட்காத இந்தத் திருத்தம் இடையூறாகவே தோன்றுகிறது. வயதான கார்களில் இணைப்புகள் தேய்ந்து, திருத்தம் எப்போது, எவ்வளவு வரும் என்பதும் நிச்சயமற்றதாகிவிடுகிறது. ஆகவே ஹைகாஸை நீக்க வேண்டும் என்று நினைப்பதில் தவறில்லை. முறையாக நீக்கினால் கார் உண்மையிலேயே நன்றாக ஓடும் என்பதை இப்போது என் காரே காட்டுகிறது.

காரைத் திரும்ப எடுத்த அன்றே, நேரான சாலையில் செல்லும்போது ஸ்டீயரிங்கைச் சற்று இடப்பக்கமாகப் பிடித்திருக்க வேண்டியிருந்தது. வேகத்தில் தடம் மாறினால் காரின் பின்பகுதி ஒரு நொடி தாமதமாக அசைந்து பிறகு அடங்கியது. வளைவில் பிரேக்கை அழுத்தினால் பின்பக்கம் வெளியே நழுவப் பார்த்தது. மெதுவாகத் திருப்பும்போது ஸ்டீயரிங் கல்லைப் போலக் கனத்தது. பணிமனையில் முறையிட்டதற்கு, பழைய கார் என்றால் அப்படித்தான் இருக்கும், டயரை மாற்றிப் பாருங்கள் என்றார்கள். மறுமுறை போனபோது, சஸ்பென்ஷன் முழுவதையும் மாற்றினால்தான் சரியாகும் என்று புதிய மதிப்பீடு ஒன்றை நீட்டினார்கள்.

வேறொரு மெக்கானிக் காரை லிஃப்டில் ஏற்றி, என்னையும் அடியில் நிற்க வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். பின்சக்கரங்களைத் திருப்பும் ஹைகாஸ் ஹைட்ராலிக் சிலிண்டர் இருந்த இடத்தில், அவை திரும்பாமல் நிறுத்தும் தண்டான லாக் பாரைப் பொருத்தியிருந்தார்கள். அது சரியான பொருள்தான். ஆனால் அந்தப் பாரைச் சக்கரங்களோடு இணைப்பவை பழைய பால் ஜாயிண்ட்களாகவே (உருண்டை மூட்டுகள்) இருந்தன. இடப்பக்க ஜாயிண்டின் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கிரீசுக்குப் பதிலாகத் துருப்பொடி இருந்தது. சக்கரத்தை இரு கைகளாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டியபோது, கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அது ஆடியது. நடுவில் பாரை எவ்வளவு உறுதியாகப் போட்டாலும், முனையில் ஆட்டம் இருந்தால் பின்சக்கரம் தன் விருப்பப்படி திரும்பத்தான் செய்யும். முன்பு கணினி சொல்லித் திரும்பிய சக்கரம், இப்போது யாரும் சொல்லாமலே திரும்பிக்கொண்டிருந்தது. பிரேக் போடும்போது அந்தச் சக்கரம் வெளிநோக்கி விரிந்ததால்தான் பின்பகுதி நழுவியது.

அதே பக்கத்து லாக் நட் கையாலேயே சுழன்றது. அது எனக்கு இன்றும் நடுக்கம் தருகிறது, ஏனென்றால் பின்சக்கரத்தின் கோணத்தை நிலைநிறுத்துவதே அந்த நட்தான்.

பில்லில் வீல் அலைன்மென்ட் என்று தனியே கூலி போட்டிருந்தார்கள். அதற்கான அளவுத்தாளைக் கேட்டபோதெல்லாம் இயந்திரத்தில் தாள் தீர்ந்துவிட்டது என்றார்கள். புதிய மெக்கானிக் அளந்தபோது, பின்பக்க இடச்சக்கரம் வெளிநோக்கியும் வலச்சக்கரம் உள்நோக்கியும் இருந்தன. இரண்டு பின்சக்கரங்களும் சேர்ந்து காரை ஒரு பக்கமாகத் தள்ளுவதால்தான், நேராகப் போக ஸ்டீயரிங்கைக் கோணலாகப் பிடிக்க வேண்டியிருந்தது. நான்கு சக்கரங்களையும் அளந்த எவர் கண்ணிலும் இது படாமல் போயிருக்காது. செய்யாத வேலைக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே ஆதாரம்.

ஸ்டீயரிங் கனத்ததற்கும் காரணம் தெரிந்தது. இந்தக் காரில் ஹைகாஸ் கட்டுப்பாட்டுப் பெட்டிதான், வேகத்திற்கேற்ப பவர் ஸ்டீயரிங்கின் உதவியைக் கூட்டிக் குறைக்கும் வேலையையும் செய்கிறது. எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருக்க அந்தப் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கியவர்கள், ஸ்டீயரிங்கின் இலகுத்தன்மையையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டார்கள். இன்ஜின் பக்கத்தில் இன்னொரு அலங்கோலம் காத்திருந்தது. ஆர்32-இன் பவர் ஸ்டீயரிங் பம்பில், பின்பக்க ஹைகாஸுக்கென்று தனிப் பகுதி உண்டு. சிலிண்டரை எடுத்துவிட்டால், அந்தப் பகுதியிலிருந்து வரும் ஆயில் தொட்டிக்கே திரும்பும்படி குழாயை வளைத்து இணைக்க வேண்டும், அல்லது ஹைகாஸ் இல்லாத மாடலின் பம்பைப் போட வேண்டும். இவர்கள் குழாயை மடித்து ஒரு கிளாம்பால் இறுக்கியிருந்தார்கள். மடிப்பின் ஓரத்தில் ஆயில் கசிந்து, அடியில் இருந்த இரும்புச் சட்டம் முழுவதும் ஈரமாகிப் புழுதி ஒட்டியிருந்தது.

இரண்டு பால் ஜாயிண்ட்களையும் மாற்றி, ஆயில் குழாயைச் சரியாக இணைத்து, கட்டுப்பாட்டுப் பெட்டியை மீண்டும் பொருத்தி, நான்கு சக்கர அலைன்மென்ட் செய்த பிறகு கார் முற்றிலும் வேறாகிவிட்டது. வளைவில் பின்பகுதி என்ன செய்யும் என்பது இப்போது முன்கூட்டியே கைக்குத் தெரிகிறது. முதல் பணிமனை ஒரு காசும் திருப்பித் தரவில்லை. புகைப்படங்களையும் புதிய அளவுத்தாளையும் அனுப்பியதற்குப் பதிலும் இல்லை.

அந்தப் பணிமனையில் புதிய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் இதே வேலையைச் செய்து தருவதாகச் சொன்னதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2013-இல் வந்த போர்ஷே 911 ஜிடி3 போன்ற கார்களில் பின்சக்கர ஸ்டீயரிங்கும் மற்றக் கட்டுப்பாட்டு அமைப்புகளும் ஒன்றோடொன்று பொருந்துமாறு அமைக்கப்பட்டிருக்கின்றன. முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட ஹைட்ராலிக் அமைப்புக்குச் சொல்லும் வைத்தியத்தை அவற்றுக்கும் சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

யாரிடம் கொடுத்தாலும், பால் ஜாயிண்ட்களைப் புதிதாகப் போடுவார்களா, பம்பை என்ன செய்வார்கள், பவர் ஸ்டீயரிங்கின் உதவி நின்றுபோகுமா என்று வேலைக்கு முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அலைன்மென்ட் தாள்கள் இரண்டும் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். ஹைகாஸ் ஏற்கெனவே நீக்கப்பட்ட காரை வாங்குபவர்கள், சாவியைத் திருப்பியதும் ஹைகாஸ் விளக்கு எரிந்து, இன்ஜின் ஓடத் தொடங்கியபின் அணைகிறதா என்று பாருங்கள். அது எரியவே இல்லையென்றால் பல்பையோ பெட்டியின் இணைப்பையோ எடுத்திருக்க வாய்ப்புண்டு. விலை பேசும் முன் காரை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, பின்சக்கரங்களை ஆட்டிப் பாருங்கள்.