உகந்தைக்கு வான் புக் பண்ணப் போகிறவர்கள் கவனம்! எங்கள் 27,000 ரூபாய் போய்விட்டது

கை நடுங்க நடுங்கத்தான் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை இரவு நடந்தது, இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

கதிர்காமப் பாதயாத்திரை அம்மாவின் பத்து வருட நேர்த்தி. காட்டுப்பாதை திறக்கிற நாட்கள் கொஞ்சம்தான். அதற்குள் உகந்தை முருகன் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் குமண, யால காட்டுக்குள்ளால் கதிர்காமத்துக்கு நடக்கலாம். கொழும்பிலிருந்து பொத்துவிலுக்கே 300 கிலோமீற்றருக்கு மேல், அப்புறம் பாணமை தாண்டிப் போகவேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. நடக்கிறதுக்கு முதலே பஸ்ஸில் கால் மடக்கி வைத்து அவரை நோகடிக்கக் கூடாது என்றுதான் வானுக்குக் காசு கட்டினேன்.

வெள்ளவத்தையில் ஒரு சின்ன டிரவல்ஸ் கடை. மேசைக்கு மேலே முருகன் படம், ஊதுபத்தி. பையன் அம்மாவைப் பார்த்ததும் எழும்பித் தன் கதிரையைக் கொடுத்தான். "அம்மாவுக்கு முன் சீட் அக்கா, கால் நீட்டிக்கொண்டு வரலாம். விடிய அஞ்சு மணிக்குக் கோயில் வாசல்ல இறக்கி விடுவோம்" என்றான். ஒரு மஞ்சள் அட்டையில் 1, 4, 5 என்று சீட் நம்பர் எழுதி, ஒன்றைச் சுற்றி வட்டம் போட்டு அம்மா கையில் கொடுத்தான். அந்த வட்டத்தைப் பார்த்துத்தான் நான் நம்பினேன். மூன்று பேருக்கு 27,000 ரூபாயும் அந்த இடத்திலேயே எண்ணிக் கொடுத்தேன். அட்டையில் வான் நம்பரும் இல்லை, வாங்கிய தொகையும் இல்லை.

இரவு ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள். காட்டுக்குள் கடை கிடையாது என்பதால் அரிசி, பருப்பு, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் கட்டிக்கொண்டு காலி வீதியில் நின்றோம். முதலில் "டயர் மாத்துறாங்க அக்கா". பிறகு "இரத்மலானையில நிக்குது, பத்து நிமிசம்". பதினொன்றரைக்குப் பிறகு போன் ஓஃப். அம்மா அரிசிப் பையின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

சனி காலை கடைக்குப் போனால் வேறொருவர். "அது வேற பார்ட்டி, எங்களுக்குக் கமிஷன் மட்டும்தான்." காசு? "முதலாளி வரட்டும்." எப்போது வருவார்? "திங்கள் பாருங்க." இன்று திங்கள். கடை பூட்டு. வாட்ஸ்அப்பில் என்னை பிளொக் பண்ணியிருக்கிறார்கள். 27,000 ரூபாய்! எங்களோடு நடக்க இருந்த மட்டக்களப்புச் சொந்தக்காரர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு நேற்றுக் காட்டுக்குள் இறங்கிவிட்டார்கள். யானை, கரடி திரிகிற காட்டில் தெரியாத கூட்டத்தோடுதான் இனி அம்மாவைக் கூட்டிப் போகவேண்டும்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், நேரமில்லை. முழுக் காசையும் முதலிலேயே கொடுக்காதீர்கள். வான் நம்பர், டிரைவர் போன் நம்பர், தொகை மூன்றும் எழுதிய ரசீது இல்லாமல் கடையை விட்டு இறங்காதீர்கள். முடிந்தால் புறக்கோட்டையிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடுங்கள். நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற போன் நம்பருக்கு முறைப்பாடு சொல்லியிருக்கிறேன், மஞ்சள் அட்டை பத்திரமாக இருக்கிறது. அதே கடையில் காசு கட்டினவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பொலிசுக்குப் போகலாம்.

இன்றிரவு பஸ்ஸில் கிளம்புகிறோம். அம்மா முழங்காலுக்குத் தைலம் பூசிக்கொண்டிருக்கிறார்.