வோல்சியா, குரோம்வெல்லா: யார் விழுந்தது பலமாக?

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர்கள் இருவரும் சாதாரண வீட்டுப் பிள்ளைகள். வோல்சி கசாப்புக்காரர் மகன். குரோம்வெல் கொல்லர் மகன், வோல்சியிடமே வேலை பார்த்தவர்.

ராஜாவின் மணமுறிவுக்குப் போப்பிடம் அனுமதி வாங்க முடியாமல் வோல்சி 1529-இல் பதவி இழந்தார். தன் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையையே ராஜாவுக்குக் கொடுத்தும் பயனில்லை. மறு ஆண்டு, விசாரணைக்கு லண்டன் வரும் வழியில் நோயில் இறந்தார். தப்பித்தார் என்றே சொல்வேன்.

குரோம்வெல் அதே மணமுறிவைப் போப் இல்லாமலே முடித்துக் கொடுத்த கெட்டிக்காரர். ஆனால் அப்புறம் அவர் பார்த்துவைத்த, ஜெர்மனியின் கிளீவ்ஸ் நாட்டுப் பெண்ணை ராஜாவுக்குப் பிடிக்கவில்லை. 1540 ஏப்ரலில் எசெக்ஸ் பிரபு பட்டம். ஜூனில் ஆலோசனைச் சபையிலேயே கைது. கழுத்திலிருந்த பதக்கத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். ஜூலை 28-இல் தலை போனது. அன்றைக்கே ராஜாவுக்கு அடுத்த கல்யாணம்.