கால் எடுத்த முதிய நாய்க்குத் துண்டா, ஹார்னஸா, வண்டியா?

அறுவை சிகிச்சை முடிந்து நாய் வீடு திரும்பும் நாளில் எல்லோரும் தேடுவது அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு பட்டையைத்தான். ஆனால் வயதான நாய் என்றால் முதல் செலவு தரைக்குப் போக வேண்டும். மிச்சமிருக்கும் மூன்று கால்களிலும் மூட்டுத் தேய்மானம் முன்பே இருந்திருக்கலாம். வழவழப்பான டைல்ஸில் ஒரு கால் பக்கவாட்டில் விரிந்தால் தசை பிடித்துக்கொள்ளும். அதைவிட மோசம், பயந்துபோன நாய் அடுத்த முறை எழவே யோசிக்கும்.

தரைக்கான வழிகளில் ரப்பர் அடிப்பாகம் உள்ள மேட்தான் முதலிடம். படுக்கை, தண்ணீர், வாசல் மூன்றையும் இடைவெளி விடாமல் இணைத்துப் போடுங்கள். நடுவில் ஓரடி வெறும் தரை இருந்தால் நாய் அங்கேயே நின்றுவிடும். அகலம் 60 செ.மீ.க்குக் குறைய வேண்டாம், ஏனென்றால் தத்தித் தத்தி நடக்கும் நாய் நேர்கோட்டில் போகாது. காலை அமிழவிடும் மெத்துமெத்தென்ற ஃபோம் மேட் தேவையில்லை, அதில் நிற்கவே கூடுதல் பலம் வேண்டும். சாக்ஸ் பார்க்க அழகாக இருக்கும், உதவி குறைவு: அரை மணி நேரத்தில் சுழன்று ரப்பர் பக்கம் மேலே வந்துவிடும், பிடிமானம் தரும் நகங்களையும் மூடிவிடும். நகத்தில் மாட்டும் ரப்பர் வளையங்கள் அதைவிட மேல். ஆனால் அளவு தவறினால் கழன்றுவிடும், நாய் விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதத்தில் பூசும் மெழுகு சீக்கிரம் தேய்ந்துவிடும், வெளியே கிளம்பும்போது பூசிக்கொள்ளலாம். எதை வாங்கினாலும் நகத்தை வெட்டி, பாத மெத்தைகளுக்கு இடையே வளர்ந்த முடியைக் கத்தரித்துவிட்டு வாங்குங்கள். பாதி வழுக்கல் அதிலேயே போய்விடும்.

இனி பட்டை. எடுத்தது முன்னங்காலா, பின்னங்காலா என்பதுதான் இங்கே முடிவு செய்யும். நாய் தன் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. அதனால் முன்னங்கால் போன நாய்க்குச் சமநிலை கடினம். படி இறங்கும்போது மொத்த எடையும் ஒற்றைக் காலில் விழுந்து, தாடை தரையில் இடிக்கும். பின்னங்கால் போன நாய்க்குச் சிரமம் எழுவதிலும் ஏறுவதிலும்.

பின்னங்கால் போனதற்கு முதல் சில நாட்கள் குளியல் துண்டு போதும். நீளவாக்கில் ஒரு சாண் அகலத்துக்கு மடித்து, பின்னங்காலுக்குச் சற்று முன்னால் அடிவயிற்றில் கொடுத்து, இரு முனைகளையும் முதுகுக்கு மேல் சேர்த்துப் பிடியுங்கள். துண்டால் நாயைத் தூக்கக் கூடாது; தடுமாறினால் விழாமல் தாங்குவது மட்டுமே அதன் வேலை. இடுப்பை மேலே இழுத்தால் பாரம் முழுக்க முன்னங்கால்களுக்குப் போய்விடும். துண்டுக்கு இரண்டு கோளாறுகள் உண்டு. கால் இல்லாத பக்கம் தடுக்க ஒன்றும் இல்லாததால் தையலை நோக்கி நழுவும். ஆண் நாய் என்றால் குறியின் மேல் ஏறி, சிறுநீர் போகவிடாமல் அழுத்தும் அல்லது நனைந்து நாறும். நாய் சிறுநீர் கழிக்க நின்றதும் துண்டைச் சற்று முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள்.

முன்னங்காலுக்குத் துண்டு சரிப்படாது. இந்த அறுவையில் பெரும்பாலும் தோள்பட்டை எலும்பையும் சேர்த்தே எடுப்பதால் அந்தப் பக்கம் தட்டையாகிவிடும்; நெஞ்சுக்குக் கீழே எதைக் கொடுத்தாலும் அங்கே சரிந்து தையலை உரசும். உடம்பில் மாட்டும் பட்டையான சாதாரண ஹார்னஸிலும் காலுக்கான வளையம் ஒன்று காலியாகத் தொங்க, மொத்தமும் சுழன்றுவிடும். முதுகில் கைப்பிடி, நெஞ்சில் அகலமான பகுதி, வயிற்றில் இரண்டாவது பட்டை, இரு பக்கமும் தனித்தனியே இறுக்கும் வசதி: இந்த நான்கும் இருப்பதாகப் பாருங்கள். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். தையல் பிரிக்கும் வரை, அதாவது வழக்கமாக 10 முதல் 14 நாட்கள், காயத்தின் மேல் எந்தப் பட்டையும் படக் கூடாது. படுக்கும்போது கழற்றிவிடுங்கள், நாள் முழுக்கப் போட்டுவைத்தால் அக்குள் புண்ணாகிவிடும்.

வீல்சேர் வண்டியை அவசரப்பட்டு வாங்காதீர்கள். மூன்று காலோடு பெரும்பாலான நாய்கள் நடந்துவிடும். மிச்சமிருக்கும் பின்னங்கால் மூட்டு கெட்டுப்போய் எடை தாங்கவில்லை என்றால் வண்டிக்கு அர்த்தம் உண்டு. அப்போதும் முதலில் 5 முதல் 10 நிமிடம், கண் பார்வையில். வண்டியில் மாட்டியபடி நாயால் வசதியாகப் படுக்க முடியாது. முதுகுத்தண்டு தரைக்கு இணையாக இல்லாமல் பின்புறம் தாழ்ந்திருந்தால் அளவு தவறு. முன்சக்கர வண்டியைத் திருப்புவது நாய்க்கு இன்னும் சிரமம், முன்னங்கால் போனதற்கு ஹார்னஸே மேல்.

நாய் எழவே மறுத்தால் குறையைப் பட்டையில் தேடாதீர்கள், வலியைச் சந்தேகியுங்கள். ராத்திரியில் மூச்சிரைப்பு, நடுக்கம், சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்புவது எல்லாம் வலியின் அடையாளமாக இருக்கலாம். மருத்துவரிடம் கேட்டு மருந்தை மாற்றுங்கள். மனிதர்களுக்கான பாராசிட்டமாலோ ஐபுபுரூஃபெனோ நீங்களாகக் கொடுத்தால் நாய்க்கு விஷம். தையலுக்குக் கீழே மெத்தென்ற சிறு வீக்கம் சகஜம். அது சூடாகிச் சிவந்தாலோ, நாற்றத்தோடு நீர் வடிந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள்.

தையல் பிரிக்கும் வரை நடை என்பது கழிப்புக்கு வெளியே போய்வருவது மட்டும்தான். பிறகு ஐந்து நிமிடமாக நாளுக்கு மூன்று முறை. ஒரே மூச்சில் பதினைந்து நிமிடம் நடத்தினால் மறுநாள் முழுக்கப் படுத்துவிடும். பட்டையை எப்போது விடலாம் என்பதைக் கையே சொல்லும். வாசல் வரை போய்த் திரும்பும்போது ஒருமுறைகூட பட்டை இறுகாமல், கையில் தொளதொளவென்றே கிடந்தால், அடுத்த நடைக்கு அதை ஆணியில் மாட்டிவிட்டுப் போகலாம்.