காலி பாட்டில்: அலமாரிக்கா, பேப்பர் கடைக்கா, குப்பை வண்டிக்கா?

ஊறுகாய், ஜாம், தேன், சாஸ் என்று மாதத்துக்கு நாலைந்து கண்ணாடி பாட்டிலாவது எங்கள் வீட்டில் காலியாகிறது.

வாய் அகலமான பாட்டில் என்றால் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது, கழுவி வைத்துக்கொள்வேன். அரை மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறினால் லேபிள் உரிந்துவிடும். ஒட்டியிருக்கும் பசையில் தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்தால் போதும். ஊறுகாய் வாடை கண்ணாடியில் தங்குவதில்லை, மூடியில்தான் தங்குகிறது. மூடியை மட்டும் இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். அம்மாவின் அலமாரியில் துவரம்பருப்பும் கடுகும் இன்றைக்கும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில்தான். கண்ணாடியை உருக்கும் உலையே மூட்டாமல் மறுபடி பயன்படுகிறதே, இதைவிட நல்ல வழி ஏது?

ஆனால் அலமாரிக்கும் அளவு உண்டு. அடுத்தது பழைய பேப்பர் கடை. காசு சொற்பம்தான். கனம் அதிகம், விலை குறைவு, உடைந்தால் ஆபத்து என்பதால் சில கடைகளில் வாங்கவே மாட்டார்கள். வாங்குகிற கடை பக்கத்தில் இருந்தால் விடாதீர்கள். உடைந்த சில்லுக்கும் உலையில் மதிப்பு உண்டு. மணல், சோடா சாம்பல், சுண்ணாம்புக்கல்லை உருக்கிக் கண்ணாடியாக்க ஏறக்குறைய 1500 டிகிரி வெப்பம் வேண்டும். சில்லு அதைவிடக் குறைவிலேயே இளகிவிடும். 10 சதவீதம் சில்லு சேர்த்தால் எரிபொருளில் சுமார் 3 சதவீதம் மிச்சம். பீங்கான், டியூப் லைட், அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரம் இவற்றை மட்டும் அதோடு கலக்கக் கூடாது.

பாட்டிலுக்கே காசு வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நீலகிரி இருக்கிறது. காட்டில் வீசிய மது பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழித்ததால், உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2022-ல் அங்கே டாஸ்மாக்கில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, திருப்பித் தந்தால் அதைக் கொடுக்கும் முறை வந்தது. ஜாம் பாட்டிலுக்கும் இது வர வேண்டும் என்பது என் ஆசை.

குப்பை வண்டி எனக்குக் கடைசி வழி. ஒருமுறை உடைந்த பாட்டிலை அப்படியே பையில் போட்டுவிட்டேன். பிரிக்கும்போது தூய்மைப் பணியாளர் அக்காவின் உள்ளங்கை கிழிந்து, கையுறைக்குள் ரத்தம் கசிந்ததைப் பார்த்தேன். இப்போதெல்லாம் சில்லை அட்டைப்பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, மேலே 'கண்ணாடி' என்று பெரிதாக எழுதி, சொல்லி அவர் கையில் கொடுக்கிறேன்.