மன்னார்குடி வீட்டில் 12 வருஷம்: எங்கள் மைக்ரோவேவ் எதனாலெல்லாம் நின்றது

2013 பொங்கலுக்கு வாங்கிய 20 லிட்டர் மைக்ரோவேவ் இது. கிரில், கன்வெக்‌ஷன் எதுவும் கிடையாது. சூடு பண்ண மட்டும். காலையில் அத்தைக்குப் பால், மதியம் குழம்பு, ராத்திரி பிள்ளைகளுக்குச் சாதம் என்று ஒரு நாளைக்கு ஏழெட்டு முறையாவது ஓடும். இதுவரை ஐந்து முறை நின்றிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அக்கம்பக்கத்தில் ஒரே பேச்சுதான்: "மேக்னட்ரான் போயிருக்கும், புதுசு வாங்கிடு." மேக்னட்ரான், அதாவது சூடாக்கும் அலையை உண்டாக்கும் பாகம், போனது கடைசி முறை மட்டும். மற்றதெல்லாம் சின்னச் சாமான்களால் வந்த வினை.

முதல் முறை 2015-இல், கதவால். குழம்பு சூடாகிவிட்டதா என்று பார்க்க, ஸ்டாப் அழுத்தாமல் ஓடும்போதே கதவை இழுப்பது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். கையில் பாத்திரம் இருந்தால் இடுப்பாலேயே தள்ளிச் சாத்துவேன். ஒருநாள் அப்படித் திறந்தபோது உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். விளக்கு, கடிகாரம் எல்லாம் அணைந்துபோயின. வந்தவர் ஃப்யூஸை மட்டும் மாற்றிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் அதுவும் எரிந்தது.

அப்புறம் வேறொரு தம்பி வந்தார். மேல்மூடியைக் கழற்றியதும் கதவுக் கொக்கிக்குப் பின்னால் இருந்த மூன்று குட்டி சுவிட்சுகளைக் காட்டினார். கதவைத் திறந்தால் இரண்டு சுவிட்சுகள் கரண்டைத் துண்டிக்க வேண்டும். மூன்றாவது அவற்றுக்குக் காவல். உள்முனை கருகி ஒட்டிக்கொண்டு ஒரு சுவிட்ச் கரண்டை விடாமல் பிடித்துக்கொண்டால், திறந்த கதவு வழியாக அலை வெளியே வந்துவிடக் கூடாதே என்று அந்த மூன்றாவது வேண்டுமென்றே ஷார்ட் செய்து ஃப்யூஸை எரித்துவிடும். "ஓடும்போதே திறந்தா ஒவ்வொரு தடவையும் உள்ள பொறி பறக்கும்க்கா, அதான் ஒட்டிக்கிச்சு" என்றார். சுவிட்ச், ஃப்யூஸ் இரண்டையும் சேர்த்து மாற்றினார். அதற்குப் பிறகு ஸ்டாப் அழுத்தாமல் இந்த வீட்டில் யாரும் கதவைத் திறந்ததில்லை. உங்கள் வீட்டில் ஃப்யூஸ் அடுத்தடுத்துப் போனால், முதலில் கதவு சுவிட்சைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது தீப்பொறி. உள்ளே வலதுபக்கச் சுவரில் சீட்டுக்கட்டுச் சீட்டு அளவில் ஒரு பழுப்புத் தகடு இருக்கும். அட்டை மாதிரி தெரியும், ஆனால் மைக்கா. அதன் வழியாகத்தான் அலை உள்ளே வருகிறது. மூடாமல் சூடாக்கிய வத்தக்குழம்பு தெறித்து, எண்ணெய் அதில் படிந்துபடிந்து கருகியிருக்கிறது. கருகிய இடம் கரி. அது மின்சாரத்தைக் கடத்தும், அதனால் பொறி பறக்கும். நான் பார்த்தபோது தகட்டின் நடுவில் சுண்டைக்காய் அளவில் ஓட்டை, சுற்றிலும் கறுப்பு. உடனே நிறுத்தினேன். புதுத் தகட்டைக் கத்தரியால் அளவாக வெட்டிப் பொருத்தினார்கள், ஐந்து நிமிட வேலை. அன்றிலிருந்து எதை வைத்தாலும் மூடிதான். ஈரத்துணியால் தினம் ஒருமுறை துடைத்தும் விடுகிறேன்.

மூன்றாவது, கஜா. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அடித்த புயல் டெல்டாவை என்ன பாடு படுத்தியது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தென்னையும் மின்கம்பமும் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. பல நாள் கழித்துத் தெருவுக்குக் கரண்ட் வந்தபோது விளக்குகள் வெள்ளை வெளேரென்று எரிந்தன. மைக்ரோவேவை யாரும் ஓட்டவில்லை, ஆனால் பிளக்கைப் பிடுங்கவும் இல்லை. கடிகாரம் ஓட வேண்டுமே, அதனால் சும்மா இருக்கும்போதும் உள்ளே போர்டில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். ஏறிய வோல்டேஜில், போர்டில் அதிக வோல்டேஜைத் தடுக்க நீல வில்லை போல இருக்கும் வாரிஸ்டர் வெடித்துப் பிளந்திருந்தது. நல்லவேளை, அது ஃப்யூஸோடு சேர்ந்து அடியைத் தாங்கிக்கொண்டதால் போர்டு தப்பித்தது. இப்போது கரண்ட் போனால் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவதுதான்.

குறுவைச் சமயத்தில் இதற்கு நேர்மாறான தொல்லை. சுற்றுவட்டாரத்து மோட்டார்கள் எல்லாம் ஓடும்போது வோல்டேஜ் இறங்கிவிடும். இரண்டு நிமிஷத்தில் சுடும் பால் மூன்று நிமிஷம் ஆகும். அதைப் பழுது என்று நினைத்து ஆளைக் கூப்பிட வேண்டாம். ஸ்டெபிலைசர் வாங்குவதானால் டிவிக்கு வாங்குவது போதாது. என்னுடையது போன்ற சின்ன மாடலே 1200 வாட் வரை இழுக்கும்.

சம்பாப் பயிர் நிற்கும் ஐப்பசி, கார்த்திகையில் பச்சைத் தத்துப்பூச்சி விளக்கைத் தேடி வீட்டுக்குள் கொட்டும் அல்லவா? அது காற்றுப்போக்கித் துளை வழியாக உள்ளே போனது. அதைத் தேடி ஒரு பல்லியும் போய்ப் போர்டில் ஒட்டிக்கொண்டு செத்துக் கிடந்தது. பாவம். அதனால் நின்றதுதான் நான்காவது முறை. பூச்சி வரும் மாதங்களில் சமையலறை விளக்கைச் சீக்கிரம் அணைத்துவிடுகிறோம்.

போன வருஷம் விளக்கு எரிந்தது, தட்டு சுற்றியது, சூடு மட்டும் இல்லை. ஒரு டம்ளர் தண்ணீரைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி இரண்டு நிமிஷம் வைத்தேன், குளிர்ச்சி மாறவே இல்லை. இந்தச் சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். மேக்னட்ரானுக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கும் டயோடும் கெப்பாசிட்டரும் நன்றாக இருந்தன, மேக்னட்ரானேதான். வயசும் காரணம், நாங்களும் காரணம். அத்தை மேலே விரித்திருந்த பூவேலைத் துணி காற்றுத் துளைகளை மூடியிருந்தது. பிள்ளைகள் சில சமயம் காலியாகவே ஓட்டியிருக்கிறார்கள். உள்ளே உறிஞ்ச ஒன்றும் இல்லாவிட்டால் அலை திரும்பிப்போய் மேக்னட்ரானையே சூடாக்கும். உள்சுவரில் துரு இல்லாததால் மேக்னட்ரானை மாற்றலாம் என்று பழுது பார்த்த தம்பி சொன்னார், மாற்றினோம். அதே டம்ளர் தண்ணீர் இப்போது இரண்டு நிமிஷத்தில் ஆவி பறக்கிறது.

கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, கெப்பாசிட்டரில் தேங்கியிருக்கும் கரண்டை வடித்த பிறகுதான் அந்தத் தம்பி கையை உள்ளே விட்டார். "இரண்டாயிரம் வோல்ட்டுக்கு மேல நிக்கும்க்கா. பிளக்கைப் பிடுங்கினா போச்சுன்னு நெனச்சுத் தொட்டா ஆளே போயிடுவாங்க" என்றார். மிக்ஸியையும் ஃபேனையும் கழற்றிப் பார்க்கும் என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இதன் மேல்மூடித் திருகுகளை அவர் இன்றுவரை தொட்டதில்லை.