ஹாரிசனா, உஜிரியா? இரண்டு டிரேடுகளும் ஒன்றல்ல

என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வதுதான் டிரேடு. 2018 ஜூலையில் டொரான்டோ ராப்டர்ஸ் அணி தன் நட்சத்திரம் டெமார் டிரோசனை அப்படி சான் அன்டோனியோ அணிக்கு அனுப்பியபோது, அணித் தலைவர் மசாய் உஜிரியைத் திட்டித் தீர்த்தவர்களில் நானும் ஒருவன். ஒன்பது சீசன் ஆடிவிட்டு, இன்னும் அங்கேயே இருக்க ஆசைப்பட்ட ஆளை இப்படியா அனுப்புவது என்று கோபம். 2025 பிப்ரவரியில் டல்லஸ் மேவரிக்ஸின் பொது மேலாளர் நிகோ ஹாரிசன் தன் அணியின் நட்சத்திரம் லூகா டோன்சிச்சை லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்ததும் நண்பர்களிடையே பழைய சண்டை திரும்ப வந்தது. “ரெண்டு பேரும் செஞ்சது ஒண்ணுதான். ஒருத்தருக்குக் கோப்பை வந்துச்சு, இன்னொருத்தருக்கு வரல” என்பது அவர்கள் வாதம். நான் இப்போது உஜிரி கட்சி. கோப்பைக்காக மட்டும் அல்ல.

நோக்கம் இருவருக்கும் புரியக்கூடியதுதான். ராப்டர்ஸ் மூன்று வருடம் தொடர்ந்து நாக்-அவுட் தொடரில் லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாந்து அணியிடம் தோற்றது; கடைசி இரண்டு தொடரும் 4-0. டிரோசனை வைத்து அதற்கு மேல் போக முடியாது என்று உஜிரி முடிவு கட்டினார். ஹாரிசன், தற்காப்புதான் கோப்பை வெல்லும் என்றார். டோன்சிச்சின் உடற்தகுதி பற்றிய கவலையும், அந்தக் கோடையில் தர வேண்டியிருந்த சுமார் 34.5 கோடி டாலர் ஒப்பந்தமும் பின்னால் இருந்தன. இதில் எது பெரிய காரணம் என்று டிவியில் ஆட்டம் பார்க்கிற நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எட்டு மாதம் முன்புதான் அதே டோன்சிச் அந்த அணியை இறுதிச் சுற்றுக்குக் கூட்டிப் போயிருந்தார்.

எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றே ஒன்று: கணக்குத் தப்பினால் திரும்பி வர வழி இருக்கிறதா?

டிரோசனைக் கொடுத்து உஜிரி வாங்கிய கவாய் லெனர்டுக்கு வயது 27. முந்தைய சீசனில் காயத்தால் ஒன்பதே ஆட்டம் ஆடியவர், ஒரு வருடத்தில் கிளம்பிவிடலாம் என்ற நிலை. பெரிய சூதாட்டம்தான். ஆனால் தோற்றாலும் அது ஒரு வருடத்தோடு முடிகிற தோல்வி. டிரோசனின் நீண்ட ஒப்பந்தச் சுமை கையை விட்டுப் போயிருக்கும், அணியில் கைல் லவ்ரியும் இளம் சியாக்கமும் மிச்சம் இருப்பார்கள். 2019-இல் கோப்பை வாங்கித் தந்த கையோடு லெனர்ட் கிளம்பியும்விட்டார், அணி நொறுங்கவில்லை.

ஹாரிசன் பக்கம் பாருங்கள். கொடுத்தது 25 வயது ஆட்டக்காரர். முக்கியமாக வாங்கியது, 32-ஐத் தொட ஒரு மாதமே இருந்த ஆந்தனி டேவிஸ். ஒவ்வொரு வருடமும் அங்கே மதிப்பு ஏறும், இங்கே இறங்கும். தப்பு என்று தெரிந்தாலும் இன்னொரு டோன்சிச்சை எங்கே போய் வாங்குவது? இதில் விற்ற விதம் வேறு. நாலு பேரிடம் விலை கேட்காமல் வீட்டை விற்றது போல, லேக்கர்ஸோடு மட்டும் ரகசியமாகப் பேசி முடித்தார். டேவிஸோடு மேக்ஸ் கிறிஸ்டி என்ற ஆட்டக்காரரும் 2029-இன் முதல் சுற்றுத் தேர்வு ஒன்றும் (புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) கிடைத்தன. மற்ற அணிகளைக் கூப்பிட்டிருந்தால் இன்னும் இரண்டு மூன்று தேர்வுகளாவது தேறியிருக்கும் என்பது என் கணிப்பு.

மார்ச்சில் டல்லஸின் இன்னொரு நட்சத்திரம் கைரி இர்விங்கின் முழங்கால் தசைநார் கிழிந்தது துரதிர்ஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். டேவிஸ் முதல் ஆட்டத்திலேயே காயப்பட்டதை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அவர் அடிக்கடி காயப்படுவார் என்பது ஊருக்கே தெரியும்.

இருவரின் வேலை என்ன ஆனது என்பது சுருக்கமானது. டல்லஸ் அரங்கில் “நிகோவை நீக்கு” என்ற கோஷம் ஓயவே இல்லை. 2025 மே மாதம் வெறும் 1.8 சதவீத வாய்ப்பில் புது ஆட்டக்காரர்களுக்கான குலுக்கலில் முதல் தேர்வு விழுந்து கூப்பர் ஃபிளாக் வந்தார். அப்பாடா, ஹாரிசன் பிழைத்துக்கொண்டார் என்று நினைத்தேன். அடுத்த சீசனை அணி 3 வெற்றி, 8 தோல்வி என்று தொடங்கியதும், நவம்பர் 11-ஆம் தேதி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். லெனர்ட் போன பிறகும் உஜிரி ஆறு வருடம் அதே நாற்காலியில் இருந்தார்.